அப்பா தூங்கத் தொடங்கிய நிமிடம்

எல்லோரும் திட்டுகிற படம் எனக்குப் பிடித்துப்போகும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டரிடம் ஒப்புக்கொள்வதுபோலச் சொல்கிறேன். பரம்பரை வியாதி, அம்மா வழியில் வந்தது.

எங்கள் ஊர் எருத்தேன்பதி. இருப்பது கேரளத்தில் என்றாலும், வெள்ளிக்கிழமை தமிழ்ப்படம் வெளியானால் காலைக் காட்சி முடிவதற்குள் எங்கள் வீட்டுக்குத் தகவல் வந்துவிடும். படம் நன்றாக இருக்கிறது என்றால் அம்மா, "அப்பறமேலு பாத்துக்கலாம்" என்பார். "தலைவலிங்க, பாதியில எந்திரிச்சு வந்துட்டோம்" என்று தகவல் வந்தால், அன்று மத்தியானமே சேலையை மாற்றிக்கொண்டு தயாராக நிற்பார். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, திங்கட்கிழமை அந்தப் படம் இருக்காது. இரண்டு, முன்சீட்டின் மேல் காலைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே சிக்கல், ஐந்து பேர் இல்லாமல் எங்கள் பக்கத்துத் தியேட்டரில் படம் ஓட்ட மாட்டார்கள். அம்மாவும் நானும் இரண்டு. அப்பாவைத் தென்னந்தோப்பிலிருந்து இழுத்து வந்தால் மூன்று. ஆபரேட்டர் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்கக்கா, மூணு பேருதான் இருக்கறீங்க?"

"கேண்டீன்காரரையும் வாட்ச்மேனையும் உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க. அஞ்சாச்சுங்களா? போடுங்க படத்த!"

அப்பாவுக்கு இதில் எந்தக் கருத்தும் கிடையாது. "எனக்கு எல்லாப் படமும் ஒண்ணுதான் அம்மிணி. நல்ல படம்னா சனம் கை தட்டித் தூக்கத்தக் கெடுக்கும். நீங்க கூட்டிட்டுப் போற படத்துல அந்தத் தொந்தரவு இல்ல" என்பார். விளக்கு அணைந்ததும் துண்டை மடித்துத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அம்மா தன் கைக்கடிகாரத்தைத் திரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பதினாலாவது நிமிசம்" என்று எனக்குச் சொல்வார். முதல் குறட்டை வந்த நேரம் அது. வீட்டுக்கு வந்ததும் நான் அதைக் குறித்துவைப்பேன். ஏன் குறித்தேன் என்று கேட்காதீர்கள். எதையாவது குறித்துவைக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. (எட்டாம் வகுப்பில் எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு வருகைப் பதிவேடு வைத்திருந்தேன்.)

இப்படிப்பட்ட பெண்ணுக்குத் தரக்கட்டுப்பாட்டுத் துறையைத் தவிர வேறு எங்கே இடம் கிடைக்கும்? இயந்திரப் பொறியியல் முடித்ததும் கஞ்சிக்கோட்டில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதல் ஓராண்டு பயிற்சிக்காலம். அது முடியும்போது மேலாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். அங்கே தேங்காய்களும், பொள்ளாச்சியிலிருந்து வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்த ஜாதகங்களும் எனக்காகக் காத்திருந்தன.

அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் 'டீவியேஷன்'. ஒரு வால்வின் வெளிப்பக்கத்தில் கீறல் இருக்கிறது என்று வையுங்கள். வரைபடத்தின்படி அதை நிராகரிக்க வேண்டும். ஆனால் தண்ணீர் ஒழுகாது. வேலையை ஒழுங்காகச் செய்யும். அப்போது வாங்குகிறவரிடம் கேட்போம். "பரவாயில்லை, அனுப்புங்கள்" என்று அவர் எழுதிக் கொடுத்தால், 'டீவியேஷனில் ஏற்கப்பட்டது' என்று பதிவு செய்து அனுப்பிவிடுவோம். குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம், இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம்.

இதைப் படித்த அன்று எனக்குக் கண் திறந்தது. இத்தனை வருடம் அம்மாவும் நானும் செய்துவந்தது இதுதானே! நாங்கள் ரசனை கெட்டவர்கள் அல்ல, டீவியேஷன் கொடுப்பவர்கள்.

அன்று சாப்பாட்டு இடைவேளையிலேயே ஒரு பதிவேடு தொடங்கினேன். என்னிடம் சொந்தக் கணினி இல்லாததால் அலுவலகக் கணினியில் தொடங்கினேன். வெறும் தாளில் கட்டம் போட மனம் வராததால் கம்பெனியின் பதிவேட்டு மாதிரியையே எடுத்துக்கொண்டேன். மேலே கம்பெனிச் சின்னம், வலது மூலையில் ஆவண எண், கீழே 'தயாரித்தவர்', 'ஒப்புதல் அளித்தவர்'. பத்திகள் இவை: வரிசை எண், படம், மற்றவர்கள் சொன்ன குறை, குறையின் வகை (சிறியது, பெரியது, உயிருக்கு ஆபத்தானது), நான் ஏற்ற காரணம், அப்பா தூங்கத் தொடங்கிய நிமிடம், குறிப்பு.

படங்களின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். எடுத்தவர்கள் மறக்க முயன்றுகொண்டிருப்பார்கள். நான் கிளறிவிடுவது பாவம். வரிசை எண் 12 என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதில் கதாநாயகன் மாட்டு டாக்டர். வில்லன் ஹெலிகாப்டரில் வந்து வாழைத்தோட்டத்தின் நடுவில் இறங்குவான். ஒரு வாழையிலைகூட அசையாது. வில்லனின் மீசை மட்டும் அசையும். அதுவும் ஒரு பக்கம் மட்டும். தியேட்டரில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்தே வராத ஹெலிகாப்டரு அம்மிணி! நம்ம தோட்டத்துக்கு மருந்தடிக்க இப்பிடி ஒண்ணு இருந்தா!" என்று சிரித்துச் சிரித்து இருமினார். கேண்டீன்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் இருவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த பிற்பகல்களில் அது ஒன்று.

இனி சசிதரன் சார். அவர்தான் என் மேலாளர், மலையாளி, அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர். மிக நேர்மையான மனிதர். பார்க்காத எதிலும் ஒப்பு இட மாட்டார். கையெழுத்தை அவர் 'ஒப்பு' என்றுதான் சொல்வார். பாலக்காட்டில் ஒரு திரைப்படக் கழகத்துக்குச் செயலாளரும் அவரே. ஒருவர் சைக்கிளில் நான்கு நிமிடம் பேசாமலே போய்க்கொண்டிருக்கும் படங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவார்கள்.

நேர்காணலில் அவர், "பொழுதுபோக்கு எந்தா?" என்று கேட்டார். "சினிமா" என்றேன். "எது மாதிரி சினிமா?" என்று கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றியபோது, சுவரில் கழகத்தின் நாட்காட்டியைப் பார்த்துவிட்டேன். அதில் பனிமலை ஒன்றின் முன்னால் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார்.

"உலக சினிமா சார்."

(இருபத்திரண்டு வயதில் சொன்ன பொய்க்கு இருபத்திமூன்று வயதில் வட்டி கட்டினேன்.)

விளைவு, மாதம் ஒரு ஞாயிறு கழகத்தில் ஆஜர். முதல் படத்தில் ஓர் ஆடு மலை ஏறியது. ஒரு மணி நாற்பது நிமிடம் ஏறியது. விளக்கு போட்டபோது பக்கத்தில் பார்த்தால், உதடும் தாடையும் இறுகிய சார் கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர். ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "சார்... அந்த மௌனம்..." என்றேன். அவர் என் கையைப் பற்றி, "அது தன்னே! மௌனம்! உனக்குப் புரிஞ்சு!" என்றார். கழகத்தின் அடுத்த இதழுக்குக் கட்டுரை எழுதச் சொன்னார். என் ரசனையைப் பற்றித் தொழிற்சாலை முழுக்கச் சொன்னார். பயிற்சிக்காலம் முடிய மூன்று வாரம் இருந்தபோது, என் படிவம் அவர் மேசைத் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

ஆடு மலை ஏறிய ஞாயிறன்று நடந்ததை அடுத்த நாளே என் பதிவேட்டில் எழுதியிருந்தேன். அதற்காகவே இரண்டாவது பக்கம் ஒன்று தொடங்கியிருந்தேன். தலைப்பு: 'எல்லோரும் ஏற்றது, நான் நிராகரித்தது.'

இத்தோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. என் புத்திசாலித்தனம்தான் என்னைக் கவிழ்த்தது. தொழிற்சாலையில் உள்ள பதிவேடுகளின் முழுப் பட்டியலை யாரோ கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். நான் அதைத் தானியங்கியாக மாற்றினேன். எங்கள் மாதிரியில் தொடங்கிய எந்தக் கோப்பையும் அது தானே தேடிப் பிடித்து, எண் கொடுத்து, எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதையும் எண்ணிக் காட்டும். சார் கைதட்டினார். நானும் எனக்குக் கைதட்டிக்கொண்டேன். எந்தக் கோப்பையும் என்றால் எந்தக் கோப்பையும்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஆடிட்டர் வந்தார். இவர் வரவுசெலவு பார்க்கிறவர் அல்ல. 'எழுதியபடி செய்கிறீர்களா, செய்ததை எழுதுகிறீர்களா' என்று பார்க்கும் தர ஆடிட்டர். இவர் சரி என்றால்தான் கம்பெனிக்குச் சான்றிதழ் தொடரும். கோயமுத்தூர்க்காரர், ஒல்லியானவர், பச்சை, சிவப்பு என்று இரண்டு பேனா வைத்திருந்தார். காலையிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. பருப்பு வடைக்குக்கூடச் சிரிக்கவில்லை.

மாநாட்டு அறையில் நாங்கள் ஆறு பேர். திரையில் என் தானியங்கிப் பட்டியல். ஆடிட்டர் அதை மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தார்.

"எல்லா ரெஜிஸ்டரும் ஒண்ணு, ரெண்டு தடவைதான் திருத்தியிருக்கறீங்க. சிலதத் திறந்தே பார்க்கல போல. நாப்பத்தேழாம் நெம்பர் மட்டும் அம்பத்தெட்டுத் தடவை திருத்தியிருக்குதுங்களே?"

சார் பெருமையாக என்னைக் காட்டினார். "அது சுகன்யாவோட. ரொம்ப சின்சியரான குட்டி." (அவர் மொழியில் குட்டி என்றால் பெண்.)

"நல்லதுங்க. உயிரோட இருக்கற ரெஜிஸ்டரு. அதத் தொறங்க மேடம்."

அந்த நொடியில் எனக்குத் தோன்றிய வழிகள்: ஒன்று, மயங்கி விழுவது. இரண்டு, மின்சாரம் போக வேண்டிக்கொள்வது. மூன்று, உண்மையைச் சொல்வது. முதல் இரண்டையும் முயன்றேன். இரண்டும் பலிக்கவில்லை. மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோதே பக்கத்திலிருந்த ஷைனி (அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருப்பவள், நல்ல தோழி, அன்று அல்ல) உதவி செய்வதாக நினைத்துக் கோப்பைச் சொடுக்கிவிட்டாள்.

சுவர் முழுக்க என் ரகசியம் விரிந்தது. கம்பெனிச் சின்னத்தோடு.

ஆடிட்டர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, வால்வு அறிக்கை படிக்கும் அதே குரலில் வாசித்தார். "வரிசை எண் பன்னிரண்டு. மற்றவர்கள் சொன்ன குறை: கதை இல்லை, ஹெலிகாப்டர் இறங்கும்போது வாழையிலை அசையவில்லை. குறையின் வகை: பெரியது. ஏற்ற காரணம்: அசையாததால்தான் ஏற்கப்பட்டது. அப்பா தூங்கத் தொடங்கிய நிமிடம்: பதினான்கு."

ஆடிட்டர் பச்சைப் பேனாவை வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தார்.

"பதினாலு நிமிசம்னு எப்பிடிங்க அளந்தீங்க?"

"வந்து... அம்மாவோட வாட்ச் சார்."

"அந்த வாட்ச்சு சரியா ஓடுதுன்னு கேலிப்ரேஷன் சர்டிபிகேட் இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார்."

எழுதிக்கொண்டார். "அப்பா தூங்கறாருன்னு எத வெச்சு முடிவு பண்ணறீங்க? கண்ண மூடறதுங்களா, கொறட்டைங்களா?"

"குறட்டை சார். கண்ணை வெயிலுக்கும் மூடுவார்."

"அத எங்கியும் எழுதிவெக்கலியே?" அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, "ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருக்குதே" என்றார்.

நான் பாய்ந்தேன் என்று ஷைனி இன்றைக்கும் சொல்கிறாள். நான் நிதானமாக எழுந்ததாகத்தான் எனக்கு நினைவு. எப்படியோ, ஆடிட்டரின் விரல் முந்திக்கொண்டது.

"எல்லோரும் ஏற்றது, நான் நிராகரித்தது. வரிசை எண் ஒன்று. ஆடு மலை ஏறும் படம். நிராகரித்த காரணம்: ஆடு நன்றாக நடித்தது. மற்றவர்கள் ஆட்டைப்போல நடிக்க முயன்றார்கள். குறிப்பு: சசிதரன் சார் அழுதார். என் கால் மரத்துப்போனது. மிகச் சிறந்த காட்சி: வெளியே வந்ததும் கொடுத்த சூடான வடை."

சார் பேனாவின் மூடியைப் போட்டார். 'டக்' என்ற அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது.

"சார், இது கம்பெனிப் பதிவேடு இல்லை. என் சொந்த விஷயம். இப்போதே அழித்துவிடுகிறேன்" என்றேன்.

ஆடிட்டர் கையைத் தூக்கினார். "உங்க லிஸ்ட்டுல இருக்குது. நெம்பரு இருக்குது. சின்னம் இருக்குது. அப்ப இது கம்பெனி ரெக்கார்டுங்க. அழிக்கறதுக்கு ஒரு விதி வெச்சிருப்பீங்களே, அத எடுங்க."

எடுத்தேன். பிரிவு ஆறு: 'எந்தப் பதிவேட்டையும் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அழிக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும்.' அந்த 'எக்காரணம் கொண்டும்' முதலில் இருந்ததில்லை. மூன்று மாதம் முன்பு கம்பீரமாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். கீழே, தயாரித்தவர்: சுகன்யா.

மாலையில் அறிக்கை வந்தது. தொழிற்சாலை முழுவதிலும் ஒரே ஒரு குறைபாடு, பதிவேடு எண் 47. எதன் அடிப்படையில் ஏற்கப்படுகிறது என்று வரையறுக்கப்படவில்லை. ஒப்புதல் கையெழுத்து இல்லை. தூக்கம் அளக்கும் கடிகாரம் சரிபார்க்கப்படவில்லை. முப்பது நாளில் சரிசெய்து, மாதிரிக்கு வரிசை எண் 12-ஐ மறுபரிசோதனை செய்த சான்று அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படும்.

எல்லோரும் போன பிறகு சார் என்னைக் கூப்பிட்டார். திட்டினால் அழுதுவிடலாம் என்று தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குட்டி, ஆட்டோட படத்துலே நீ உறங்கியோ?"

"இல்லை சார். கால் மட்டும்தான்."

"ம்." மேசைப் பக்கம் திரும்பினார். "ஒப்புதல் அளித்தவர்ங்கற இடத்துலே ஒப்பு நான்தான் இடணும். பார்க்காம இட மாட்டேன். சனிக்கிழமை மத்தியானம் ட்ரெயினிங் ஹால்லே அந்த வாழை சினிமாவைப் போடு. அளவும் எடுக்கணும். அச்சனைக் கொண்டு வா."

"அப்பாவையா சார்?"

"அம்மாவையும். வாட்ச் அவங்க கையில அல்லே?"

வெளியே வரும்போது மேசைத் தட்டைப் பார்த்தேன். மேலே இருந்த என் படிவம் எல்லாவற்றுக்கும் அடியில் போயிருந்தது. (கவனிப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.)

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். கண்ணீரோடுதான் சொன்னேன். அம்மா பாதியிலேயே தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"இதுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுப்பாங்களா அம்மிணி? கரெக்ட்டா ஓடுதுன்னு? உங்க சித்தி எப்பப் பாத்தாலும் அஞ்சு நிமிசம் ஸ்லோன்னு சொல்லீட்டிருக்கறா."

"அம்மா, என் வேலை போகப் போகுது!"

"வேல போனா வேற பாத்துக்கலாம் சாமி. அந்தப் படத்த மறுக்காப் போடறாங்கல்ல, அதச் சொல்லு."

அப்பா மட்டும் கவலைப்பட்டார். "அத்தன பேரு பாக்கறப்ப எனக்குத் தூக்கம் வரோணுமே?"

சனிக்கிழமை வந்தது. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். வாசலில் பாதுகாவலர் விதிப்படி அவருக்குப் பார்வையாளர் அட்டையும் மஞ்சள் தலைக்கவசமும் கொடுத்தார். "தூங்கறதுக்கெதுக்குங்க தொப்பி?" என்று கேட்டுக்கொண்டே அப்பா அதை மாட்டிக்கொண்டார். ஷைனி, அம்மாவின் கடிகாரத்தை முந்திய நாளே சோதித்து, பின்பக்கம் பச்சை ஒட்டுச்சீட்டு ஒட்டியிருந்தாள். ஒரு நாளில் இரண்டு நொடி வித்தியாசம். அம்மா அதை எல்லோருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

முதல் வரிசையில் நடுவே அப்பா. ஒரு பக்கம் கடிகாரத்தோடு அம்மா. மறுபக்கம் நோட்டுப் புத்தகத்தோடு சார். பின்னால் நானும் ஷைனியும் அளவீட்டுப் படிவத்தோடு. படம் தொடங்கியது.

பதினான்காவது நிமிடம். அப்பா விழித்திருந்தார். இருபதாவது நிமிடம். அப்பா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தியேட்டரில் பதினான்கு, இங்கே முடிவிலி என்றால், அளவு திரும்ப வரவில்லை என்று பொருள். அளவு வரவில்லையென்றால் பதிவேடு பொய். பதிவேடு பொய்யென்றால் நான் பொய்.

"ஏனுங்க, தூங்குங்க!" என்று அம்மா அவரை முழங்கையால் இடித்தார்.

"அளக்கறாங்கன்னா எப்பிடிறீ தூக்கம் வரும்? அதுமில்லாம கத நல்லாருக்குது. நான் இதப் பாத்ததே இல்லியே!"

உண்மைதான். பாவம், முப்பத்தொரு படத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறோம். ஒன்றின் வில்லனைக்கூட அவர் பார்த்ததில்லை. ஹெலிகாப்டர் காட்சி வந்தபோது அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "வாழைக்கு முட்டே குடுக்கல பாருங்க! ஹெலிகாப்டரு எறங்குனா தாரோட சாஞ்சிருக்காதுங்களா? எல அசையலியே! ஏனுங்க சாரு, பாத்தீங்களா, எல அசையல..." என்று சாரின் பக்கம் திரும்பினார்.

திரை வெளிச்சத்தில் சாரின் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. தாடை மட்டும் மெல்ல நடுங்கியது.

அம்மா பதறிவிட்டார். "ஐயோ, சாரு அழுகறாருங்க! வாழையப் பாத்து அழுகறாரு!"

அப்பா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். தியேட்டர் தூக்கத்தில் முப்பத்தொரு படங்களின் அனுபவம் உள்ள மனிதர். அரை நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

"அழுகையில்ல. கொட்டாவி. வாயத் தொறக்காம உள்ளயே முழுங்கறாரு, அது கண்ணு வழியா வருது. எனக்கு நம்ம கல்யாணத்துல இப்பிடித்தான் வந்துச்சு."

நான் சாரை எட்டிப் பார்த்தேன். அதே இறுகிய உதடு, அதே தாடை. ஆடு மலை ஏறிய அன்று பக்கத்துச் சீட்டில் நான் பார்த்தது இதே கண்ணீரைத்தான். அம்மா என்னைப் பார்த்தார். நான் ஷைனியைப் பார்த்தேன். ஷைனி படிவத்தைப் பார்த்தாள். அப்போது முதல் வரிசையிலிருந்து தெளிவான, சந்தேகத்துக்கு இடமில்லாத, ஒரு குறட்டை எழுந்தது.

அப்பாவுடையது அல்ல.

"முப்பத்தி ரெண்டாவது நிமிசம்" என்றார் அம்மா, ஒட்டுச்சீட்டு ஒட்டிய கடிகாரத்தைப் பார்த்து.

அப்பா தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை மடித்துச் சாரின் தலைக்குப் பின்னால் வைத்தார். பிறகு கடைசிவரை படம் பார்த்தார். மாட்டு டாக்டர் ஜெயித்தபோது அவர் ஒருவர்தான் கை தட்டினார். அந்தச் சத்தத்தில்தான் சார் விழித்துக்கொண்டார்.

சார் தலைக்குப் பின்னாலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார், மடித்தார், அப்பாவிடம் கொடுத்தார். "எத்ர நிமிஷம்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சொன்னார். ஷைனியிடமிருந்து படிவத்தை வாங்கி, தூங்கியவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினார். நேர்மையான மனிதர் என்றேன் அல்லவா. ஆடு ஏறிய படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து கழகத்தில் படத்துக்கு நடுவே இடைவேளை விட்டு வடை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஏற்பதற்கான வரையறையையும் அன்றே எழுதி அனுப்பினோம்: 'பார்ப்பவர் மனமறிந்து, குறையைத் தெரிந்தே, சிரித்திருக்க வேண்டும். குறைந்தது ஒருவர் தூங்கியிருக்க வேண்டும். தூங்குபவர் குடும்பத்தினராக இருக்க வேண்டியதில்லை.' ஆடிட்டர் பச்சைப் பேனாவில் 'திருப்தி' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அவர் சிரித்தாரா என்பதற்குச் சான்று இல்லை.

மூன்றாவது நாள் என் படிவம் வந்தது. நிரந்தரம். கீழே மேலாளரின் கருத்து என்ற கட்டத்தில், சாரின் அழகான கையெழுத்தில் இரண்டே சொற்கள்: 'டீவியேஷனில் ஏற்கப்பட்டது.' அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், டிவிக்கு மேலே. பொள்ளாச்சியிலிருந்து ஜாதகம் கொண்டுவருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னவென்று கேட்பார்கள். "என்ற பொண்ணுக்குக் கம்பெனியில குடுத்த பட்டமுங்க" என்பார் அம்மா.

பதிவேடு எண் 47 இன்னும் இருக்கிறது. பிரிவு ஆறு அதைக் காப்பாற்றுகிறது. வருடம் ஒருமுறை அம்மாவின் கடிகாரம் என் கைப்பையில் கஞ்சிக்கோட்டுக்குப் போய் புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டு வரும். சித்தி இப்போதெல்லாம் நேரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது அதுவல்ல. அந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது ஷைனி விளையாட்டாக இன்னொரு பச்சைச் சீட்டை அப்பாவின் சட்டைப் பையிலும் ஒட்டிவிட்டாள். அடுத்த சரிபார்ப்புத் தேதியோடு. அப்பா அதை எடுக்க விடவில்லை. சலவைக்குப் போகும்போது பிரித்துக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார். வந்ததும் திரும்பச் சட்டையில் ஒட்டிக்கொள்வார். கல்யாண மண்டபத்திலோ, பஞ்சாயத்துக் கூட்டத்திலோ, தியேட்டரிலோ அவர் கண்ணயர்ந்து, அம்மா வழக்கம்போல இடித்தால், கண்ணைத் திறக்காமல் விரலால் அந்தச் சீட்டைத் தட்டிக் காட்டுவார்.

"தேதி இருக்குது பாரு. அதுவரைக்கும் என்ற தூக்கத்த எவனும் கேள்வி கேக்கப்படாது."